முதியோர் என்னும் அமானிதம்





அல்லாஹ்வின் திருநாமம் கொண்டு ஆரம்பிக்கின்றோம். சர்தார் நபி முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

நம் முன்னோர் இந்தச் சீமையில் மளிகைக் கடை வைத்திருந்த காலத்தில் அரிசி மூட்டையை வெளித் தோற்றத்தைப் பார்த்து வாங்கியதில்லை. குத்தூசியை எடுத்து மூட்டையின் நடுவிலே குத்துவார்கள். உள்ளிருந்து வரும் மணிகளை உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, மோந்து பார்த்து, ஒன்றிரண்டைப் பல்லிலே கடித்தும் பார்த்த பிறகுதான் விலை பேசுவார்கள். மேலே இருக்கும் சரக்கு ஒன்று, அடியிலே இருக்கும் சரக்கு வேறொன்று என்பது வியாபாரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய பாடமன்று.

இந்தப் பாடத்திற்கு நம் மார்க்கத்திலே ஒரு மேலான முன்மாதிரியும் உண்டு. ரசூலுல்லாஹி (ஸல்) அவர்கள் ஒரு நாள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றைக் கண்டு, அதனுள்ளே தம் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டபோது, மழையில் நனைந்து விட்டதாக வியாபாரி கூறினார். அப்படியானால் ஈரமானதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்தச் செய்தியை நாம் எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கின்றோம். விற்கிறவனுக்கு அது எச்சரிக்கை என்று மட்டுமே எண்ணியிருக்கின்றோம். பார்க்கிற பொறுப்புள்ளவன் கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும் என்ற பாடமும் அதிலேயே இருக்கின்றது.

அந்தக் கையை இன்று எந்தக் குவியலுக்குள் விட வேண்டும் என்பதைச் சொல்வதற்கே இதனை எழுதுகின்றோம். நம்மைப் பெற்று வளர்த்தவர்களை நாம் ஒப்படைத்திருக்கும் தாதிமை இல்லங்களைப் பற்றியும், அங்கே அவர்கள் பெறும் பாதுகாப்பையும் பராமரிப்பையும் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம்.

மூப்பு எல்லார் வாசலிலும் நிற்கின்றது

நம் பாட்டன்மார் சபுராளிகளாக இங்கே வந்தார்கள். கடலூர், நாகூர், முத்துப்பேட்டை, கடையநல்லூர், தென்காசி என்று எத்தனையோ ஊர்களில் தாய் தந்தையரை விட்டு விட்டு, கடையின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சம்பாதித்தார்கள். ஊரிலே பெற்றோரின் கண்ணை மூடி விட்டவர்கள் வேறு யாரோ. கடிதம் கண்டு இங்கே கண்ணீர் விட்டவர்கள் அவர்களுடைய மக்கள். அந்தத் துயரம் பல குடும்பங்களில் இன்னும் பேசப்படுகின்றது. ஆனால் இன்று நம் பெற்றோர் இங்கேயே இருக்கின்றனர். பஸ்ஸில் அரை மணி நேரப் பயணம்தான். ஆயினும் கடல் தாண்டியிருந்த அந்தக் காலத்து மகனை விட நாம் அருகில் இருக்கின்றோமா என்பதுதான் கேள்வி.

சிங்கப்பூர்க் குடிமக்களில் 2030ஆம் ஆண்டிலே ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 வயதோ அதற்கு மேலோ உடையவராக இருப்பார் என்று அரசாங்கம் மதிப்பிட்டிருக்கின்றது. மலேசியாவும் அதே பாதையில்தான் போய்க் கொண்டிருக்கின்றது. ஆயுள் நீண்டிருப்பது அல்லாஹ்வின் அருள். அதனோடு பக்கவாதமும், நீரிழிவும், மறதி நோயும் சேர்ந்து வருகின்றன. மனிதனைப் பலவீனத்திலே படைத்து, பின்பு பலம் தந்து, அந்தப் பலத்திற்குப் பின் மீண்டும் பலவீனத்தையும் நரையையும் தருபவன் அல்லாஹ்வே என்று திருக்குர்ஆனின் 30ஆம் அத்தியாயம் நமக்கு நினைவூட்டுகின்றது. அறிந்ததையெல்லாம் மறந்து போகும் தள்ளாமையை விட்டு நாயகம் (ஸல்) அவர்களே பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள் என்றால், அந்த நிலையில் கிடப்பவருக்கு எவ்வளவு இரக்கம் தேவை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீடா, இல்லமா?

பெற்றோரில் ஒருவரோ இருவருமோ நம்மிடத்தில் முதுமை அடைந்தால் அவர்களிடம் சலிப்பின் சிறு சொல்லைக் கூடச் சொல்லலாகாது, விரட்டலாகாது, கண்ணியமாகப் பேச வேண்டும், பணிவின் சிறகைத் தாழ்த்த வேண்டும் என்பது 17ஆம் அத்தியாயம் நமக்கு இடும் கட்டளை. இதைக் காட்டிச் சில சகோதரர்கள், பெற்றோரைத் தாதிமை இல்லத்தில் சேர்ப்பதே பெரும் பாவம் என்கிறார்கள். வேறு சிலரோ, மாதந்தோறும் பணம் கட்டி விட்டோம், கடமை தீர்ந்தது என்று கையைக் கழுவி விடுகிறார்கள். இரண்டு பேச்சும் நமக்குச் சரியாகப் படவில்லை.

பத்வா வழங்கும் தகுதி நமக்கில்லை. அதை ஆலிம் பெருமக்களிடம் ஒவ்வொருவரும் தத்தம் நிலைமையைச் சொல்லிக் கேட்டறிய வேண்டும். பெற்றோர் நம் வீட்டில், நம் கண் எதிரில் இருப்பதே மேல் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் மூக்கின் வழியே குழாய் மூலம் உணவு செலுத்த வேண்டிய தாயை, இரவும் பகலும் திருப்பிப் படுக்க வைக்க வேண்டிய தகப்பனை, மறதி நோயால் நள்ளிரவில் கதவைத் திறந்து வெளியே போய் விடும் பெரியவரை, கணவனும் மனைவியும் கடைக்குப் போகும் ஒரு சிறு வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத நிலைமை பலருக்கும் உண்டு. அவர்களைக் கல் நெஞ்சர் என்று ஏசுவது எளிது. ஏசுகிறவர்களில் எத்தனை பேர் ஒரு இரவு போய் அந்தத் தாயின் அருகே உட்கார்ந்து அந்த மருமகளைத் தூங்க விட்டிருக்கிறோம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டிலே வைத்திருப்பதனாலேயே ஒருவர் நல்ல பிள்ளையாகி விடுவதில்லை. பழக்கமில்லாத ஒரு பணிப்பெண்ணிடம் எல்லாப் பாரத்தையும் போட்டு விட்டு, காலையில் கதவைச் சாத்தியவர் இரவு பத்து மணிக்குத் திறந்தால், அந்த வீட்டிலும் தானியம் ஈரமாகத்தான் இருக்கும்.

பராமரிப்பின் தரம் என்பது எது என்று அறிய விரும்பினால், குகையில் அடைபட்ட மூவரின் சரித்திரத்தைப் பாருங்கள். புகாரியில் வரும் செய்தி அது. அவர்களில் ஒருவர், தம் மக்களுக்குக் கொடுக்கும் முன் வயது முதிர்ந்த தம் பெற்றோருக்கே பால் கொடுப்பது வழக்கம். ஒரு நாள் அவர் வரத் தாமதமாயிற்று. பெற்றோர் உறங்கி விட்டனர். அவர்களை எழுப்பவும் மனமில்லை. அவர்களுக்கு முன் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் மனமில்லை. காலடியில் பிள்ளைகள் பசியால் அழ, பால் பாத்திரத்தைக் கையில் ஏந்தியபடி விடியும் வரை நின்றார். கவனித்தீர்களா? அவர் தம் வசதிக்காகப் பெற்றோரின் உறக்கத்தைக் கெடுக்கவில்லை. இன்று பல நாடுகளிலும் ஆள் போதாத இல்லங்களில், இரவு வேலைக்காரர் தம் முறை முடிவதற்குள் பணியை முடிக்க வேண்டுமென்று, விடியும் முன்னரே முதியவர்களை எழுப்பிக் குளிப்பாட்டும் வழக்கம் உண்டு. யாருடைய வசதிக்காக எது நடக்கின்றது என்ற ஒரு கேள்வியிலேயே நல்ல பராமரிப்பும் கெட்ட பராமரிப்பும் பிரிந்து விடும்.

நாம் கண்ட ஒரு பெரியவர்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாதிமை இல்லத்தில் இருந்த பெரியவர் ஒருவரைக் காணச் சென்றோம். நம் வட்டாரத்தில் பேர் சொல்லிக் கடை நடத்தியவர். பேரேட்டில் ஒரு காசு பிசகினால் அது கிடைக்கும் வரை உறங்க மாட்டார். மறதி நோய் வந்த பிறகு ஆங்கிலமும் மலாயும் அவரை விட்டுப் போய் விட்டன. தமிழ் மட்டும் தங்கியிருந்தது. நாம் போனதும், "கல்லாவைப் பூட்டியாச்சா?" என்று கேட்டார். பூட்டியாகி விட்டது என்று சொன்னதும் சிரித்தார்.

அவருடைய மகன் பாசமுள்ள பிள்ளை. வெள்ளிதோறும் ஜும்ஆ முடிந்து பழம் வாங்கிக் கொண்டு வருகிறவர். படுக்கை விரிப்பு வெள்ளை வெளேரென்றிருந்தது. பெரியவரின் தலை சீவப்பட்டு, முகத்தில் பவுடர் பூசப்பட்டிருந்தது. எல்லாம் நன்றாக இருப்பதாகவே நமக்கும் தோன்றிற்று. எழுந்திருக்கும் வேளையில், நம்முடன் வந்திருந்த, தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற சகோதரி ஒருவர், மகனிடம் அனுமதி கேட்டுப் பெரியவரின் காலடிப் போர்வையை விலக்கினார். இடது குதிகாலில் ஒரு வெள்ளி நாணயம் அளவுக்குத் தோல் கறுத்துப் புண்ணாகியிருந்தது. நீரிழிவினால் காலில் உணர்ச்சி குறைந்திருந்ததால் அவருக்கு வலி தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் யாரிடம், எந்த மொழியில் சொல்வார்?

மகன் சுவரோரம் போய் நின்று கொண்டார். "வாரம் தவறாமல் வந்தேனே! அத்தாவின் முகத்தை மட்டும்தானே பார்த்தேன்" என்று அவர் சொன்னது இன்னும் நம் காதில் ஒலிக்கின்றது. அந்த இல்லத்தார் கொடியவர்கள் அல்லர். மேற்பார்வைத் தாதி வந்து பார்த்து வெட்கப்பட்டார், மருத்துவரை அழைத்தார், புண்ணும் பல மாத சிகிச்சைக்குப் பிறகு ஆறிற்று. இரவில் ஆள் குறைவு. திருப்பிப் படுக்க வைத்ததாகக் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருந்தது, ஆனால் திருப்பவில்லை. கணக்கில் இருப்பு இருக்கின்றது, கிடங்கில் சரக்கு இல்லை. வியாபாரிகளாகிய நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா?

கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டியவை

ஆகவே, சகோதரர்களே, பெற்றோரைப் பார்க்கச் செல்லும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கின்றோம்.

முதலாவது, உடம்பு. படுக்கைப்புண் எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில், அதாவது குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி, முழங்கை ஆகிய இடங்களில் உண்டாகும். அசைய முடியாதவரை, வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையோ, அவருடைய நிலைக்கேற்பவோ, திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தோல் சிவப்பது முதல் அறிகுறி என்பார்கள். நம்மைப் போன்ற கருநிறத் தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள தோலை விட நிறம் மாறியிருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தந்தையை மகனும், தாயை மகளும் மறைவாகப் பார்ப்பது மரியாதைக்குக் குறைவன்று. பார்க்காமல் விடுவதே குறைவு.

இரண்டாவது, எடை. ஒவ்வொரு மாதமும் எடை பார்க்கப்படுகின்றதா என்று கேளுங்கள். எண்ணைக் குறித்து வையுங்கள். காரணமின்றி எடை இறங்கிக் கொண்டே போனால், சாப்பாடு உள்ளே போகவில்லை என்றோ, நோய் ஒன்று ஒளிந்திருக்கின்றது என்றோ அர்த்தம். தராசோடு வாழ்ந்தவர்கள் நாம். பெற்றோரின் எடை எவ்வளவு என்று கேட்டால் விழிக்கலாமா?

மூன்றாவது, ஊட்டும் முறை. பக்கவாதமும் மறதி நோயும் உள்ளவர்களுக்கு விழுங்கும் சக்தி குறைந்து விடும். நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கரண்டியால் கொடுத்து, விழுங்கியதைக் கண்ட பிறகே அடுத்த கவளம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியாக் காய்ச்சலாக மாறும்; அது உயிரையே வாங்கும். இதில் நம் பக்கமும் தவறு உண்டு. கூழ் போன்ற உணவே கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்க, பாசத்தால் பிரியாணியையும் பேரீச்சம் பழத்தையும் வாயில் வைக்கிறோம். தாதியிடம் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

நான்காவது, விழுதல். இரவில் சிறுநீர் கழிக்க எழும்போதுதான் பலர் விழுகின்றனர். அழைப்பு மணி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, அழைத்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார், தரையில் ஈரம் உண்டா, செருப்பு வழுக்குமா, மூக்குக் கண்ணாடி எங்கே என்று பாருங்கள். இடுப்பெலும்பு முறிந்த முதியவர் பலர் பழையபடி நடப்பதேயில்லை. விழாமல் இருக்கட்டும் என்று நாற்காலியோடு கட்டி வைப்பதும் பாதுகாப்பு ஆகாது. கட்டுண்டவருக்குத் தசை மெலியும், புண் வரும், மனம் உடையும். கட்டியிருப்பதைக் கண்டால், யார் உத்தரவு, என்ன காரணம், எத்தனை நேரம் என்று கேட்பது நம் உரிமை.

ஐந்தாவது, மருந்து. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் மருந்துப் பட்டியல் மாறும். பழையதும் புதியதும் சேர்ந்து விடும் அபாயம் உண்டு. பட்டியலின் நகல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். அத்தா எந்நேரமும் அயர்ந்து உறங்குகிறார் என்றால், வயது என்று விட்டு விடாமல், தூக்க மருந்து கொடுக்கப்படுகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆறாவது, மானமும் மார்க்கமும். குளிப்பாட்டும்போது திரை போடப்படுகிறதா? பெண்களுக்குப் பெண்களே பணிவிடை செய்கிறார்களா? ஹலாலான உணவு கிடைக்கின்றதா? ஒளூ செய்யவோ, முடியாதவர் தயம்மும் செய்யவோ உதவி உண்டா? கிப்லா எந்தத் திசை என்று அவருக்குத் தெரியுமா? பெயர் சொல்லி அழைக்கிறார்களா, கட்டில் எண் சொல்லி அழைக்கிறார்களா? மறதி நோய் உள்ளவர் பின்னர் கற்ற மொழிகளை இழந்து தாய்மொழிக்கே திரும்புவது பலரிடம் காணப்படுகின்றது. ஆகவே வலி, பசி, தண்ணீர், கழிவறை, பயம் ஆகிய சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு அட்டையில் எழுதிக் கட்டிலருகே மாட்டி வையுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

முத்திரையும் முள்ளும்

அரசாங்கம் பார்த்துக் கொள்ளாதா என்று கேட்கலாம். பார்த்துக் கொள்கிறது, அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் தாதிமை இல்லங்கள் சுகாதார அமைச்சின் உரிமம் பெற்றே நடக்கின்றன. இப்போது அந்த உரிமம் 2020ஆம் ஆண்டு நிறைவேறிய சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டத்தின் கீழ் வருகின்றது. மருத்துவப் பராமரிப்பு, சமூகப் பராமரிப்பு, நிர்வாகம் ஆகியவற்றுக்கான மேம்பட்ட தரநிலைகள் 2015 முதல் நடைமுறைக்கு வந்தன. 60 வயதோ அதற்கு மேலோ ஆகி, தம்மைத் தாமே பராமரித்துக் கொள்ள இயலாத பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோர 1995ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வழி செய்கின்றது. துன்புறுத்தலுக்கும் புறக்கணிப்புக்கும் ஆளாகும் பலவீனரைக் காக்க 2018ல் தனிச் சட்டமும் வந்தது. மலேசியாவில் 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டமும், 2018ல் இயற்றப்பட்ட தனியார் முதியோர் சுகாதாரப் பராமரிப்புச் சட்டமும் உள்ளன. அங்கே பதிவு பெறாமல் நடக்கும் இல்லங்களும் உண்டு. மலிவு என்பதற்காகப் பதிவுச் சான்று கேட்காமல் பெற்றோரை விட்டு விடுவது பெரும் பிழை.

ஆனால் தராசிலே அரசு முத்திரை இருக்கின்றது என்பதற்காக வாடிக்கையாளர் முள்ளைப் பார்க்காமல் இருக்கிறாரா? 2011ஆம் ஆண்டு சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஓர் இல்லத்தில் மூதாட்டி ஒருவர் முரட்டுத்தனமாக நடத்தப்பட்ட காட்சி, மறைவாகப் படமெடுக்கப்பட்டுத் தொலைக்காட்சியில் வெளியான பிறகே ஊருக்குத் தெரிந்தது. அமைச்சு நடவடிக்கை எடுத்தது உண்மைதான். 2020ல் கொரோனா பரவியபோது தாதிமை இல்லங்களுக்குப் பார்வையாளர் வருவது நிறுத்தப்பட்டது. நோயைத் தடுக்க அது தேவையாயிற்று. ஆயினும் பிள்ளைகளின் கண் படாத அந்த நாட்களில் உள்ளே இருந்தவர்களின் மனம் எப்படித் தவித்தது என்பதை நம்மில் பலர் அறிவோம். அன்று கதவு மூடியிருந்ததால் போகவில்லை. இன்று கதவு திறந்திருக்கின்றது.

இஸ்லாமிய நகரங்களில் முஹ்தஸிப் என்னும் அதிகாரி கடைத்தெருவின் அளவையையும் எடையையும் சோதித்தது போலவே மருத்துவர், மருந்து விற்போரின் பணியையும் கண்காணித்தார். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284, 1285ஆம் ஆண்டுகளில் கட்டிய பெரிய மருத்துவமனை வக்பு வருமானத்திலேயே நடந்தது. ஏழை, செல்வர் என்ற பேதமின்றி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகளோடு விளங்கிற்று. கொடுத்தார்கள், கொடுத்தது சரியாகப் போய்ச் சேர்கின்றதா என்றும் பார்த்தார்கள். நாம் கொடுப்பதில் சோடை போனவர்களல்லர். பார்ப்பதில்தான் பின்தங்கி விட்டோம்.

பணிவிடை செய்வோரிடம் நம் கடமை

நிற்க. கண்காணிப்பு என்றதும் சிலர் அங்கே போய் அதிகாரம் செய்யத் தொடங்கி விடுவார்கள். அது கூடாது. நம் பெற்றோரின் மலஜலத்தைத் துடைக்கும் அந்தக் கைகள் பெரும்பாலும் பர்மா, பிலிப்பைன்ஸ், இந்தியா, இலங்கை ஆகிய தேசங்களிலிருந்து வந்தவை. தம்முடைய தாய் தந்தையரை அங்கே விட்டு விட்டு நம்முடைய தாய் தந்தையரைப் பார்க்க வந்திருக்கும் சபுராளிகள் அவர்கள். நம் பாட்டன்மார் இருந்த நிலையில் இன்று அவர்கள் இருக்கின்றனர். பெயரைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். ஸலாமோ வணக்கமோ நன்றியோ சொல்லுங்கள். கூலியை வியர்வை உலரும் முன் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கட்டணத்தைத் தவணை தவறாமல் கட்டுங்கள். ஆள் குறைந்த இடத்தில் நல்லவரும் தவறு செய்வார் என்பதை நினைவில் வையுங்கள்.

குறை கண்டால் முதலில் மேற்பார்வைத் தாதியிடம் அமைதியாகச் சொல்லுங்கள். திருந்தாவிட்டால், தேதி போட்டு எழுத்து மூலம் நிர்வாகத்திடம் கொடுங்கள். அதற்கும் பலனில்லையெனில் சுகாதார அமைச்சு இருக்கின்றது. அடித்தல், பட்டினி போடல் போன்ற கொடுமையைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். தட்டிக் கேட்டால் நாம் போன பிறகு அத்தாவை வாட்டுவார்களோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். அடிக்கடி ஆள் வந்து போகும் கட்டிலை யாரும் அலட்சியம் செய்யத் துணிவதில்லை. ஆள் வராத கட்டிலே ஆபத்தான கட்டில்.

வெட்கம் என்னும் திரை

இங்கே நம் சமூகத்தின் குறை ஒன்றை ஒளிக்காமல் சொல்லி விடுகின்றோம். தாயை இல்லத்தில் சேர்த்தவர் அதை வெளியே சொல்வதில்லை. உம்மா ஊருக்குப் போயிருக்கிறார் என்கிறார். ஏன்? ஜமாஅத்தில் நாலு பேர் ஏசுவார்கள் என்ற அச்சம். சொல்லாததனால் உறவினர் யாரும் பார்க்கப் போவதில்லை. பழைய சிநேகிதர்கள் போவதில்லை. மகனும் தலை குனிந்தபடி போய், தலை குனிந்தபடி திரும்புகிறார். எதையும் கேட்கத் துணிவதில்லை. நம்முடைய ஏச்சு அந்தத் தாயை வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்க்கவில்லை. அவளைத் தனியாக்கியதுதான் மிச்சம். அவள் மவுத்தான பிறகு நாற்பதாம் நாள் கத்தத்துக்கு நாமெல்லாரும் திரண்டு போகிறோம். அந்த ஒரு நாள் கூட்டத்தில் பாதிப் பேர், அவள் உயிரோடிருந்தபோது ஆளுக்கொரு நாள் போயிருந்தால், ஓராண்டுக்கு வாரந்தோறும் அவளுக்கு முகம் பார்க்க ஆள் இருந்திருக்குமே!

மக்கா வெற்றியின் நாளில், ஹஜ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள், பார்வையிழந்த தம் முதிய தந்தை அபூ குஹாபாவைக் கைப்பிடித்து நாயகம் (ஸல்) அவர்களிடம் அழைத்து வந்தார்கள். பெரியவரை வீட்டிலேயே இருக்க விட்டிருக்கலாமே, நாமே அவரிடம் வந்திருப்போமே என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஒரு நகரமே கைவசமான நாளில், ஒரு கிழவரிடம் தாமே நடந்து போகத் தயாராக இருந்தார்கள். மதீனாவின் ஓரத்தில் கண் தெரியாத மூதாட்டி ஒருவருக்கு இரவில் பணிவிடை செய்ய ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் போகும்போதெல்லாம், யாரோ முன்னதாகவே வந்து வேலைகளை முடித்து விட்டுப் போயிருந்ததாகவும், மறைந்திருந்து பார்த்தபோது அவர் அப்போது கலீபாவாக இருந்த அபூபக்ர் (ரலி) அவர்களே என்று தெரிந்ததாகவும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவர்கள் பணிவிடைக்குப் போட்டி போட்டார்கள். நாம் எதற்குப் போட்டி போடுகின்றோம்?

ஆகவே நம் சங்கத்தின் முன் மூன்று காரியங்களை வைக்கின்றோம். ஒன்று, தாதிமை இல்லங்களில் இருக்கும் நம் மக்களின் பெயர்களை, குடும்பத்தார் சம்மதத்தோடு, திரட்டுவது. இரண்டு, வாரம் ஒருவராகவேனும் முறை வைத்து, இல்லத்தாரின் விதிகளுக்கு உட்பட்டு, போய்ப் பார்த்துத் தமிழிலே பேசி வருவது. பிள்ளை குட்டி இல்லாதவர்களை முதலில் பார்ப்பது. மூன்று, வீட்டிலேயே பெற்றோரை வைத்துப் பார்க்கும் குடும்பங்களுக்கு மாதத்தில் ஓரிரு நாளாவது மாற்றாள் கொடுத்து ஓய்வு தருவது. கடையை அரை நாள் மகனிடமோ கூட்டாளியிடமோ விட்டுச் செல்வதில் லாபம் குறையலாம். அந்தக் குறைவை எந்தப் பேரேட்டில் வரவு வைப்பார்கள் என்பதை நாம் அறிவோம்.

சகோதரர்களே! தலைவருக்குத் தம் மக்களைப் பற்றியும், மனிதனுக்குத் தன் குடும்பத்தைப் பற்றியும் கேள்வி உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். கடையை மேலாளரிடம் ஒப்படைத்தவர் கணக்குக் கேட்காமல் இருப்பதில்லை. பெற்றோரை ஒப்படைத்தவரும் கணக்குக் கேட்க வேண்டும். அவரிடமும் கணக்குக் கேட்கப்படும். இன்று நாம் தள்ளிப் போகும் அந்தக் கட்டிலில் நாளை நாம் படுத்திருக்கக் கூடும். அன்று நம் மக்கள் நம் முகத்தை மட்டும் பார்த்து விட்டுப் போவார்களா, போர்வையை விலக்கிக் காலையும் பார்ப்பார்களா என்பது, இன்று அவர்கள் நம்மிடம் எதைக் கண்டு வளர்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இந்த வெள்ளியன்று ஜும்ஆ முடிந்ததும், சாப்பாட்டுக்குப் போகும் முன், ஒருவரைப் போய்ப் பாருங்கள். உம் பெற்றோர் மவுத்தாகியிருந்தால் பிறருடைய பெற்றோரைப் பாருங்கள்.

யா அல்லாஹ்! எங்களைச் சிறு வயதில் வளர்த்த எங்கள் பெற்றோருக்கு ரஹ்மத்துச் செய்வாயாக! உயிரோடிருப்போருக்கு வலியற்ற முதுமையையும், மறைந்தோருக்கு ஒளியுள்ள கபுறையும் அருள்வாயாக! அவர்களுக்குப் பணிவிடை செய்யும் கைகளுக்குப் பரக்கத் செய்வாயாக! எங்கள் கண் முன் இருக்கும் அமானிதத்தைக் கண் மூடிக் கடந்து போகாமல் எங்களைக் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.